வேல்ஸ் சாலைகளில் விஜி

எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் ஆபீஸ் கேப் பொம்மனஹள்ளியில் நகராமல் நின்றிருந்தபோது எங்களோடு வேலை பார்த்த முரளியிடமிருந்து போன் வந்தது. "விஜி போயிட்டாங்க" என்றான். எங்கள் ஐ.டி. தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். "எந்தக் கம்பெனிக்கு?" என்று கேட்டேன். "கம்பெனி மாறல" என்றான். பிறகு சொன்னான். தலைவலி என்று படுத்திருக்கிறாள். மூளையில் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

விஜயலட்சுமியோடு வேலை பார்த்தவர்களுக்கு அவளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மீட்டிங்கில் அவள் குரல் உயர்ந்து நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நெடுங்காலமாக இருக்கும் தமிழ்க் குடும்பம் அவளுடையது. அப்பா மாநில அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் வீட்டில் தமிழில் தொடங்கும் பேச்சு கன்னடத்தில் முடியும். நான் ஆம்பூரிலிருந்து வந்து ஈஜிபுராவில் வாடகைக்கு இருந்தவள். 2003 கோடையில் எங்கள் இருவரையும் ஒரு ப்ராஜெக்டுக்காக பிரிட்டனில், வேல்ஸில் உள்ள கார்டிஃபுக்கு அனுப்பினார்கள்.

அங்கே திங்கட்கிழமையும் சேர்ந்து ஒரு விடுமுறை வந்தது. ஊர் சுற்ற ஆசை, ஆனால் வெளிச்சாப்பாடு எங்கள் இருவருக்கும் ஒத்துவராது. விஜி ஒரு கேம்பர்வேனை வாடகைக்குப் பிடித்தாள். படுக்கை, காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வண்டிக்குள்ளேயே இருந்தன. அவ்வளவு பெரிய வண்டியை ஓட்ட முடியுமா என்று கேட்டேன். "அப்பாவோட மாருதி ஆம்னி வேன்ல கத்துக்கிட்டவ நான். இதுவும் ஆம்னிதான், கொஞ்சம் நல்லா சாப்பிட்டு வளர்ந்த ஆம்னி" என்றாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் அவள் அப்பாவிடமிருந்து போன். அவரோடு வேலை பார்த்த நண்பரின் மகன் அவளை ஏற்கெனவே பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவர்களுக்குச் சம்மதம். மண்டபம் பிடிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும். "யோசிச்சு சொல்றேன்ப்பா" என்று போனை வைத்துவிட்டு, விஜி பயணத்துக்கு ரவை வறுக்கப் போனாள்.

மேற்கே போகப் போக சாலை ஒடுங்கியது. இரண்டு பக்கமும் ஆளுயரப் புதர்வேலி. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போய் ஒதுங்கியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் விஜிதான் பின்னால் போனாள். ஒரு வளைவில் சிறிய கார் ஒன்று வந்து நின்றது. ஒதுங்கும் இடம் அதற்குப் பின்னாலேயே இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

"அவர் போகட்டுமே, நீ ஏன் போற?"

"அவருக்கு ரிவர்ஸ் வரல. மூஞ்சியப் பாரு, எப்படி முழிக்கிறாரு. எனக்கு வருதில்ல?"

அவ்வளவு பெரிய வண்டியை அத்தனை தூரம் பின்னால் எடுத்தாள். காரிலிருந்த வயதானவர் எங்களைக் கடக்கும்போது தலை குனிந்து கும்பிடுவதுபோல் ஏதோ செய்தார்.

ஞாயிறு மதியம் பெம்ப்ரோக்ஷயர் கடலோரத்தில் இருந்தோம். பாறைச் சரிவில் செம்மறிகள் மேய்ந்தன. கீழே கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மாப்பிள்ளை பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மொபைலில் சிக்னல் இல்லை. மீன்பிடிப் படகுகள் நின்ற ஒரு சிற்றூரில் சிவப்பு டெலிபோன் பூத்தைக் கண்டதும் வண்டியை நிறுத்தினாள். காற்றும் தூறலுமாக இருந்தது. "நீயும் வா" என்றாள். இருவருக்கு அதில் இடமில்லை. கதவைத் திறந்து பிடித்தபடி வெளியே நின்றேன்.

"அப்பா, வேண்டாம்ப்பா" என்றாள். அவர் நெடுநேரம் பேசினார்.

"இல்லப்பா, அவர்மேல ஒண்ணும் குறை இல்ல. நல்லவராத்தான் தெரியறாரு... வேற யாரும் இல்லப்பா, சத்தியமா... உங்களுக்குக் கஷ்டம்தான், தெரியும்."

அவர் மறுபடி ஏதோ கேட்டார். கடைசியில், "ஊட்டா ஆய்த்தாப்பா?" என்று, சாப்பாடு ஆயிற்றா என்பதைக் கன்னடத்தில் கேட்டாள். அதற்குள் அவர் வைத்துவிட்டிருந்தார்.

வேனுக்குத் திரும்பி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் உப்புமா கிளறினேன். ஒரு வாய் சாப்பிட்டதும் அழுதாள். அழுது முடித்துவிட்டு மீதியையும் சாப்பிட்டாள்.

பெங்களூர் திரும்பியபோது விமான நிலையத்துக்கு அவள் அப்பா வரவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் பல மாதங்கள் அவளோடு பேசவில்லை. நண்பரின் வீட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். பிறகு ஒரு காலை ஆம்னி சாவியை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "மார்க்கெட்டுக்குப் போகணும். ஓட்டறியா?" என்று கேட்டிருக்கிறார். ஆபீஸுக்கு வந்து அதை என்னிடம் சொன்னபோது, அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தக் கல்யாணத்தை ஏன் மறுத்தாள் என்று கடைசிவரை அவள் சொன்னதில்லை. அந்த மனிதரைப் பற்றிக் குறைவாக ஒரு சொல்கூடச் சொன்னதில்லை.

சாவு வீட்டில் அவள் அப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீதானேம்மா அன்னிக்கு அவகூட இருந்தே?" என்றார். "போன்ல ஒரே காத்து சத்தம். அவ வேண்டாம்னு சொன்னதுகூட எனக்கு ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் உறைச்சுது. இந்தப் பொண்ணு எந்த மழையில நின்னு பேசுதோன்னுதான் மொதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் கோவத்துல அதைக் கேக்காமலே வெச்சுட்டேன்."

"நனையல அங்கிள், உள்ளதான் நின்னா" என்றேன். அவர் தலையசைத்தார்.

விஜியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். வேண்டாம் என்று ஒருவரிடம் சொல்ல நேர்ந்தால், ஒரே தடவை சொல்லிவிட்டு, அவர் வருத்தம் தீரும்வரை பக்கத்திலேயே இருப்பது. ஒரே தடவை சொல்ல எனக்கு வந்துவிட்டது. பக்கத்தில் இருப்பதற்குத்தான் இன்னும் பழகவில்லை.