சயாம் ரயிலில் ஒரு காதல் பாட்டு

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் நான் கிள்ளான் ரயில் நிலையத்தில் கணக்கெழுதும் கிராணி. போனவர்களில் பலர் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துவரப்பட்ட தோட்டத்து ஆட்களின் பெயர்களை எழுதுவேன். அவர்களில் ஒருவரை மறக்க முடியவில்லை. மேரு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். முன்பற்கள் இல்லை. கையிலிருந்த தகரக் குவளையில் ஓயாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

வழியனுப்ப வந்த கோயில் தர்மகர்த்தா எல்லோருக்கும் திருநீறு பூசிவிட்டுத் தேவாரம் பாடினார். பலர் அழுதார்கள். இவரோ சினிமாக் காதல் பாட்டொன்றை உரக்க எடுத்தார்.

“சாமி பாட்டு பாடுறப்போ இது என்னய்யா கூத்து?” என்று தர்மகர்த்தா சீறினார்.

“அறம், பொருள், இன்பம், வீடுன்னு கோயில்ல நீங்கதானே பேசினீங்க, அய்யா? அந்த இன்பம் எனக்கு இந்தப் பாட்டுலதான் கெடைக்குது. அதைப் பிடுங்கிட்டு இப்பவே மோட்சத்துக்கு அனுப்பப் பாக்குறீங்களே! நாங்க சாகப் போகல. திரும்பி வரப் போறோம்!”

காவலுக்கு நின்ற ஜப்பான் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் குவளையைத் தட்டிவிட்டான். அவர் பாட்டை நிறுத்தவில்லை. ரயில் நகர்ந்தபோது பெட்டி முழுவதும் அவரோடு சேர்ந்து பாடியது.

போர் முடிந்து திரும்பியவர்களிடம் விசாரித்தேன். அவர் என்ன ஆனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பட்டியலை எழுதியவன் நான்தான். இருந்தும், அவர் சாகப் போனார் என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.