ஓடும் சைக்கிளில் இறக்கிய வேட்டி

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் இது நடந்தது. இத்தனை காலம் கழித்து எழுத உட்கார்ந்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. இருபத்து நான்கு வயது வரை சைக்கிள் பக்கமே போனதில்லை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பள்ளி. நடந்தே போய் வந்தேன். மணி அடித்த பிறகு வேர்க்க விறுவிறுக்க வந்து நிற்கும் என்னைப் பார்த்துத் தலைமையாசிரியர் முகம் சுளிக்க ஆரம்பித்ததும், வேறு வழியில்லாமல் அந்த விடுமுறையில் வாடகை சைக்கிள் எடுத்து மலைக்கோட்டை அடிவாரத்தில் பழகினேன். ஏற வந்தது, ஓட்டவும் வந்தது. இறங்கத்தான் வரவில்லை. பக்கத்தில் ஒரு கல்லோ படியோ இருந்தால் அதில் காலை ஊன்றி இறங்குவேன். இல்லாவிட்டால் அது வருகிற வரைக்கும் ஓட்டிக்கொண்டே போவேன்.

இந்த லட்சணத்தில் புது சைக்கிள் வாங்கினேன். அப்போதெல்லாம் சட்டத்தையும் சக்கரத்தையும் முதலில் பேசி முடித்துவிட்டு, மேலே மாட்ட வேண்டியதை ஒவ்வொன்றாக நாமே சொல்ல வேண்டும். நான் என் பயத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். பின்னாலிருந்து பஸ் வந்து இடித்துவிடுமே என்று இரண்டு பக்கமும் கண்ணாடி. முன்னால் போகிறவர்களுக்குக் காது கேட்காவிட்டால் என்ன செய்வது என்று பெரிய பெல், அது போதாதென்று ரப்பர் பந்து வைத்த ஹாரன். விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் பிடித்துக்கொள்வார் என்று டைனமோ. சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டில் இருக்கிறவனுக்கு எதற்கு டைனமோ என்று யோசிக்கவில்லை. பூட்டு மட்டும் இரண்டு.

கடைக்காரர் ஒரு பாய். நான் கேட்டதையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு என் வேட்டியைப் பார்த்தார்.

"வாத்தியாரே, இம்புட்டும் மாட்டுறீங்க, சரி. வேட்டி கட்டுற ஆளு நீங்க. முழு செயின் கவர் ஒண்ணு போட்டுக்கங்க."

அதற்கும் ஒரு பயம் தயாராக இருந்தது. கவர் இருந்தால் நடுவழியில் செயின் கழன்றால் நாமே மாட்ட முடியாது, கடைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று பள்ளியில் ஒருவர் சொல்லியிருந்தார். வேண்டாம் என்றேன்.

"அப்ப முழங்காலுக்கு மேல மடிச்சுக் கட்டிக்கிட்டு மிதிங்க. எறங்குற வரைக்கும் அவுத்து விட்டுறாதீங்க" என்றார் அவர்.

மடித்துக் கட்டினால் அவிழ்ந்து விழுந்துவிட்டால்? அதற்காக அதே தெருவில் ஒரு தோல் பெல்ட்டும் வாங்கி, வேட்டிக்கு மேல் இறுக்கி, மடிப்பை அதற்கு மேல் கட்டிக்கொண்டேன். இனி எந்த ஆபத்தும் என்னை நெருங்க முடியாது என்று நினைத்தபோது கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

மூன்றாம் நாள் காலை, ஒன்பது மணி இருக்கும். ரயில்வே கேட்டை நெருங்கும்போது கேட்காரர் மணியடித்துவிட்டுக் கம்பத்தை இறக்கத் தொடங்கினார். எல்லோரும் நின்றார்கள். எனக்கு நிற்கத் தெரியாதே! கால் ஊன்ற ஒரு கல்கூட இல்லை. கேட்காரர் கத்துவது காதில் விழுந்தும், தலையைக் குனிந்து கம்பத்துக்கு அடியில் புகுந்துவிட்டேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற கணக்கு. போயும் சேர்ந்திருப்பேன்.

அந்தப் பக்கம் கம்பத்துக்குப் பின்னால் தலைமையாசிரியர் நின்றுகொண்டிருந்தார். தபாலாபீசுக்கோ எதற்கோ புறப்பட்டிருக்கிறார். அவர் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன. பெரியவர்களைக் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவது எங்கள் ஊரில் யாரும் யோசித்துச் செய்கிற காரியமில்லை, கை தானாகச் செய்துவிடும். என் வலது கை ஹாண்டில்பாரை விட்டது, வேட்டியை இறக்கியது. இறங்கிய வேட்டியை அடுத்த மிதியிலேயே செயின் கவ்விக்கொண்டது. முன்சக்கரம் திரும்பித் தண்டவாளத்து இடுக்கில் சொருகிக்கொள்ள, சைக்கிளோடு சேர்ந்து தண்டவாளத்தின் மேல் விழுந்தேன்.

விழுந்த வேகத்தில் எழுந்தேன். ஆனால் நகர முடியவில்லை. வேட்டியை இழுத்தேன், வரவில்லை. பெடலைப் பின்பக்கமாகச் சுற்றியிருந்தால் துணி வெளியே வந்திருக்கும். பதற்றத்தில் முன்பக்கமாகச் சுற்றினேன். செயின் இன்னும் ஒரு முழத்தைத் தின்று என்னைத் தொடையோடு சைக்கிளில் கட்டிப்போட்டது. சைக்கிளை இழுத்தால் சக்கரம் இடுக்கை விட்டு அசையவில்லை. அப்போதுதான் கரி எஞ்சின் ஊதியது. திரும்பிப் பார்த்தேன். வளைவைத் தாண்டி நேரே என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. கேட்காரர் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டு அதை நோக்கி ஓடினார். காலடியில் தண்டவாளம் அதிர்வது தெரிந்தது.

இரண்டு பக்கமும் சனம் கத்தியது. "வேட்டிய விடு, வேட்டிய விடு." பெல்ட்டைக் கழற்றினால் பிழைத்துவிடலாம் என்பது எனக்கும் தெரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையாலும் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கம்பத்துக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியர். பக்கத்திலேயே பை தூக்கிய என் வகுப்புப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டி வந்த தாய்மார்கள். இத்தனை பேர் முன்னால் வெறும் டிராயரோடு நிற்பதா? ரயிலைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு அதைவிட இது பெரிய பயமாக இருந்தது. இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கூட்டத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கலாம். கூடையைப் போட்டுவிட்டுக் கம்பத்துக்கு அடியில் குனிந்து ஓடி வந்தார். என் கைகளை ஓங்கி அடித்தார்.

"விடுடா கைய. உசுரு போனா வேட்டி எதுக்குடா?"

என் கை விட்டதும் பெல்ட்டை அவிழ்த்து, வேட்டியை உருவி, தோளைப் பிடித்துத் தள்ளினார். இரண்டு பேரும் சரளைக்கல்லில் போய் விழுந்தோம். அடுத்த நொடி சூடான காற்று முகத்தில் அடித்தது. இரும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது ரயில் பெட்டிகள் பக்கத்தில் கிறீச்சிட்டுக்கொண்டே போய்த் தள்ளி நின்றன. என் கண்ணாடிகளும் ஹாரனும் டைனமோவும் எங்கெங்கோ சிதறிக் கிடந்தன.

நான் குந்தி உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மேலே ஒரு துணி வந்து விழுந்தது. கூடைக்கு அடியில் வைக்கிற சும்மாட்டுத் துணி, நீலத்தில் ஒரு பழைய சேலைக் கிழிசல், மல்லிகை வாசம் அடித்தது.

"சுத்திக்கப்பு" என்ற குரல் மட்டும் கேட்டது. நான் நிமிரவில்லை. என்னை அந்தக் கோலத்தில் தொட்டு இழுத்தவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? நிமிர்ந்தபோது அவர் இல்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டின பூவை அள்ளியது போக மீதியை மாட்டுவண்டிச் சக்கரங்கள் அரைத்துப் போட்டிருந்தன. தலைமையாசிரியர்தான் என் கையைப் பிடித்து எழுப்பினார். வீடு வரைக்கும் கூடவே வந்தார்.

அந்த அம்மா எரியோடு ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து கடைவீதியில் பூ விற்கிறவர் என்று கேட்காரர் பிறகு சொன்னார். உடனே போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்தத் துணியைத் துவைத்து மடித்து வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கடைவீதியைச் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போனேன். நன்றி சொல்லக்கூட வெட்கம் விடவில்லை. உயிரைக் காப்பாற்றியவருக்குப் பயந்து ஒளிந்த கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டு இருந்தேன்.

வாடகை சைக்கிளில் ஒழுங்காக இறங்கவும் பழகிக்கொண்டு, தைப் பொங்கலுக்கு முந்திய வாரம் அதே பாய் கடையில் இன்னொரு சைக்கிள் எடுத்தேன். முழு செயின் கவரும் ஒரு பெல்லும் மட்டும் போதும் என்றேன். பாய் சிரிக்காமல் எடுத்து மாட்டிக் கொடுத்தார். அங்கிருந்து நேரே கடைவீதிக்கு விட்டேன்.

அந்த அம்மா தரையில் சாக்கு விரித்துப் பூக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பிரேக்கைப் பிடித்து ஒழுங்காக இறங்கினேன், ஸ்டாண்டு போட்டேன், பிறகு மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அக்கம்பக்கத்தில் பூ விற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு வாத்தியார் பூக்காரிக்கு வேட்டியை இறக்குவதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். துணியை நீட்டினேன். முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. துணியைத் திருப்பிப் பார்த்ததும் என் இடுப்பைப் பார்த்தார்.

"பெல்ட்டு கட்டலையாப்பு?"

"இல்லக்கா" என்றேன். கண் கலங்கிவிட்டது. செத்த நேரம் உட்காரச் சொல்லி, ஒரு முழம் மல்லிகையை இலையில் சுற்றி, வீட்டில் அம்மாவுக்குக் கொடு என்று கையில் வைத்தார்.

இப்போதும் எதற்காவது பயந்து எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது என் கைமேல் அந்த அடி விழுந்த இடம் நினைவுக்கு வருகிறது. பிடித்திருப்பதை விட்டுவிட்டால் போவது உயிரா, வெறும் வேட்டியா என்று ஒரு நொடி பார்த்துக்கொள்கிறேன்.