தண்ணீரைக் கண்டு நடுங்கிய குதிரை

1. போன்

“அண்ணாச்சி, எங்க குதிரை தண்ணியே குடிக்க மாட்டேங்கு. செத்த வந்து பாக்கியளா?”

பேசியவர் சுடலைமுத்து. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். குடும்பத்துக்கு மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு உண்டு. ஓடையைத் தாண்டித்தான் அங்கே போகவேண்டும்.

நான் ராணுவத்தில் குதிரைப் பிரிவில் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு செட்டியார்பட்டியில் இருந்துகொண்டு லாடம் அடிப்பது, முரண்டு பிடிக்கும் குதிரைகளைப் பழக்குவது என்று காலம் ஓடுகிறது. கிளம்பிப் போனேன்.

ராணி என்ற செவலைக் குதிரை கொட்டகையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. சுடலைமுத்துவின் தம்பி கணேசன் தோப்புக்குச் சுமை ஏற்றிப் போக வாங்கிய குதிரை அது. மலையில் பெய்த மழையில் ஓடை பெருகியபோது கணேசனும் குதிரையும் சேர்ந்தே அடித்துச் செல்லப்பட்டார்கள். குதிரை வெகு தூரம் தள்ளிக் கரையேறியது. கணேசனின் உடல் கண்மாயில் கிடைத்தது. அன்றிலிருந்து குதிரை தண்ணீர்த் தொட்டிப் பக்கமே போகவில்லை.

கால்நடை டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீர் ஏற்றி முடித்திருந்தார். “இப்படியே ஏத்திட்டு இருக்க முடியாதுங்க. வயித்துல லத்தி கல்லா இறுகிருச்சு. தானா குடிக்கலைன்னா கோலிக்குங்கற வயித்துவலி வந்து செத்துரும்” என்றார்.

சுடலைமுத்து கையிலிருந்த பிரம்பால் தொட்டியைத் தட்டினார். “எந்தம்பிய முழுங்கிட்டு வந்து நிக்கி. சாவட்டும்னு விட்டிருப்பேன். பேச்சிதான் ஒங்களுக்குப் போன் போடச் சொன்னா.”

பேச்சி, கணேசனின் மனைவி. கதவோரம் நின்றிருந்தாள்.

2. தழும்பு

முதலில் தொட்டியைக் குதிரையின் கண்ணில் படாதபடி மறைத்தேன். புல்லை நனைத்துப் போட்டேன். தவிட்டில் கருப்பட்டியும் உப்பும் கலந்து, கூழ் போலக் கரைத்துத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். தின்றது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டினேன். உயிர் தங்கியது, அவ்வளவுதான். வாளிச் சத்தம் கேட்டாலே உடம்பெல்லாம் நடுங்கும்.

ஒன்றைக் கவனித்தேன். நான் தண்ணீரோடு போனால் நடுங்கும். சுடலைமுத்து பிரம்போடு வந்தால் சுவரில் போய் மோதும். பின்தொடையில் ஆறிய தழும்புகள் இருந்தன. வெள்ளத்தில் கல் கிழித்த காயம் மாதிரித் தெரியவில்லை.

“யாரும்மா இத அடிச்சது?” என்று பேச்சியிடம் கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். “அன்னைக்கு அவிய அக்கரையில, நான் இக்கரையில நின்னேன் அண்ணாச்சி. பிள்ளைக்குக் காய்ச்சல், சீக்கிரம் வாங்கன்னு கத்துனேன். ராணி எறங்க மாட்டேன்னு பின்னாலேயே போச்சு. அவிய கம்பெடுத்து அடிச்சாவ. அம்புட்டு அடி. பொறவுதான் எறங்குச்சு.”

சுடலைமுத்து பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “இத ஏம்ட்டி இத்தன நாளா சொல்லல?”

“செத்தவியள எப்படிக் குத்தஞ் சொல்ல, அத்தான்? கூப்பிட்டதும் நாந்தான. எல்லாரும் குதிரையச் சொன்னிய. நான் வாயத் தொறக்கல.”

அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். பிரம்பு கையிலிருந்து நழுவியது. அவர் எடுக்கவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

3. வாய்க்கால்

இப்போது பயத்தின் முழு உருவமும் தெரிந்தது. முன்னால் தண்ணீர், பின்னால் கம்பு. அதனால் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, முன்னாலிருந்து யாரும் இழுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். லீட் ரோப் என்னும் பிடிகயிற்றைத் தளரவிட்டு, தரையில் ஒரு கை தண்ணீர் ஊற்றி முகரவிட்டேன். அது மிரள்வதற்கு முன்பே நானே திருப்பிக் கூட்டி வந்துவிடுவேன். பின்வாங்க வழி இருக்கிறது என்று அதற்குத் தெரியவேண்டும். பிறகு நனைந்த சாக்குமேல் நடத்தினேன். அதன் பிறகு பம்புசெட் வாய்க்கால். பல முறை ஏமாற்றம்.

ஒரு மதியம் ராணி தானாக வாய்க்காலில் கால் வைத்தது. தலை குனிந்து உறிஞ்சிக் குடித்தது. பேச்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

கோடையில் கணுக்கால் ஆழத் தண்ணீரில் ஓடையையே தாண்டியது. அடுத்த மழைக்கு ஓடையில் செந்தண்ணீர் சுழித்து ஓடியபோது, கரையிலேயே நின்றுவிட்டது.

“இன்னுங் கொஞ்சம் பழக்குனா இதையும் தாண்டுமா அண்ணாச்சி?” என்று கேட்டார் சுடலைமுத்து.

“தாண்ட வைக்கலாம். நான் வைக்க மாட்டேன்.”

பேச்சி கயிற்றை வாங்கிக் குதிரையை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். குதிரையின் எல்லாப் பயத்தையும் போக்குவது நம் வேலை அல்ல. தொட்டியைக் கண்டு வந்த பயம் அதைக் கொன்றிருக்கும், அதைப் போக்கத்தான் வேண்டும். வெள்ளத்தைக் கண்டு வந்த பயம் இரண்டு உயிரையும் காக்கப் பார்த்தது. குதிரை நின்றால் கம்பைத் தேடாதீர்கள். எதைப் பார்த்து நின்றது என்று முதலில் பாருங்கள். அதைச் சொல்ல அன்று அக்கரையில் கணேசன் பக்கத்தில் ஆள் இல்லை.