அண்ணனின் இருமல்

"நடிப்பு எது, நெசம் எதுன்னு தெரியல. நீயெல்லாம் காலேஜ் போயி என்னத்தம்மா படிக்கிற?"

பக்கத்து வீட்டு டிவிக்கு முன்னால், தெருவே கூடியிருந்தபோது சித்தப்பா என்னைக் கேட்டது இது. திரையில் அண்ணன் நோயாளியாகப் படுத்து இருமிக்கொண்டிருந்தார். "அது நடிப்பு இல்ல சித்தப்பா" என்று நான் சொல்லியிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணன் பிறந்தது பாலக்கரையில். மூட்டை தூக்கிய அப்பா இறந்ததும் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக் கடையில் சேர்ந்தார். எல்லாப் புடவையையும் விரிக்கச் சொல்லிவிட்டு எதுவும் வாங்காமல் போகிற அம்மாக்களைப் போல நடந்து காட்டுவார். அதைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், ஸ்ரீரங்கத்தில் தாம் நடத்திய நாடகக் குழுவுக்கு அவரை அழைத்துப் போனார்.

அங்கே வெகு காலம் நாற்காலி தூக்கினார், திரை இழுத்தார். ஒருநாள், சாகக்கிடக்கும் தகப்பனாக நடிப்பவர் வரவில்லை. அண்ணன் படுத்தார், இருமினார். அரங்கமே அழுதது. பிறகு அவருக்கு நோயாளி வேடம்தான். "அந்த இருமல்காரர அனுப்பி வைங்க" என்று சென்னையில் டிவி நாடகம் எடுப்பவர்களும் கூப்பிட்டார்கள்.

அந்த இருமல் அதற்கு முன்பே எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் படித்தேன். வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். காசநோய் என்றார்கள். மாத்திரையில் அண்ணன் தேறினார். ஆனால் அடுத்த நாடகத்தில் அவருடைய இருமல் எடுபடவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டார்.

"ஏண்ணே நிறுத்துனீங்க?"

"இருமல் போச்சுன்னா சான்ஸும் போயிடும்மா. நீ பரீட்சைய முடி, அப்புறம் எல்லாத்தையும் சேத்து முழுங்கிடறேன்."

முடித்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் என்னுடையது. பரீட்சை முடிவு வந்த நாளில் அண்ணன் இரத்தமாக இருமினார். வாழ்த்த வந்த சித்தப்பா, "என்னடா, வீட்லயே ஒத்திகையா?" என்றார். கைத்துண்டைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் மாறியது. அதன்பின் நோய் எந்த மாத்திரைக்கும் கட்டுப்படவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணன் கண்மூடினார்.

அண்ணனின் நினைவாக அச்சிடும் இந்த மலரில் மாரடைப்பு என்று எழுதச் சொன்னார்கள். "ஒனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, பாத்து எழுதும்மா" என்றார்கள். பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

டிவி பார்க்க வீட்டைத் திறந்துவிட்ட பக்கத்து வீட்டாருக்கும், அண்ணனோடு ஒரே அறையில் தங்கி, ஒரே டம்ளரில் டீ குடித்த நாடகக் குழுவினருக்கும், கடைசிவரை கட்டிலை விட்டு நகராத சித்தப்பாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஆண்டுப் பூசைக்கு வந்திருக்கும் நீங்கள் அனைவரும் ஒருமுறை நெஞ்சைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் சித்தப்பா இருமினார். அண்ணனைப் போல நடித்துக் காட்டுகிறார் என்று வீட்டில் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். மறுநாளே எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போனேன். வரிசையில் அவருக்குப் பின்னால் நானும் நின்றேன்.

இருவரும் மாத்திரை தொடங்கிவிட்டோம்.