மஜீத் பாய் ஒட்டிவைத்த ஹவானா

ரெட்டியார்சத்திரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது போன் வந்தது. எங்கள் தபால்தலை மன்றச் செயலாளர். "டீச்சர், மஜீத் பாய் காலையில தவறிட்டாரு" என்றார். அதே மூச்சில், "அந்த ஹவானா கார்டெல்லாம் என்ன ஆகும்?" என்றும் கேட்டார். பதில் சொல்லவே அலுப்பாக இருந்தது. இந்த வருடம் துக்க வீடுகளுக்குப் போய்ப் போயே ஓய்ந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதேன்.

பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த பாயை உங்களில் பலருக்குத் தெரியும். கியூபாவின் தலைநகரான ஹவானாவின் பழைய கட்டடங்களை அச்சிட்ட தபால் அட்டைகளைத் தவிர வேறெதையும் சேர்க்க மாட்டார். வளைவுத் தாழ்வாரங்கள், இரும்புக் கிராதி போட்ட பால்கனிகள், மாதா கோயில் மணிக்கூண்டுகள். "அங்க போகவா போறீங்க?" என்று கேலி செய்வோம். "போனா அலுத்துரும் டீச்சர்" என்பார்.

எங்கள் கூட்டத்தில் அட்டையின் பின்பக்கத்துக்குத்தான் மதிப்பு. தபால்தலையும் முத்திரையும் அங்கேதான் இருக்கும். அதனால் பசை படவே விடமாட்டோம். பாயோ செருப்புக்குப் போடும் பசையை எடுத்து, எல்லா அட்டைகளையும் ஒரே பலகையில் தெருத் தெருவாக ஒட்டிவிட்டார். செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "தெருவுல வீடு ஒட்டித்தான நிக்குது?" என்று பாய் சிரித்தார்.

அவர் போன சில வாரங்களில், பலகையை வாங்கி ஊறவைத்துத் தபால்தலைகளை மீட்பது என்று மன்றம் முடிவு செய்தது. பாயின் மனைவி மெகருன்னிசா அப்போது இத்தாவில் இருந்தார். கணவரை இழந்தவர் சில மாதங்கள் வெளியே போகாமல், வெளி ஆண்களைப் பார்க்காமல் இருக்கும் காலம் அது. மன்றத்தில் பெண் நான் ஒருத்திதான். என்னை உள்ளே அனுப்பிவிட்டுச் செயலாளர் வாசலில் நின்றார்.

பலகை மெகருன்னிசாவின் கட்டிலுக்கு எதிரே இருந்தது. நான் வாய் திறக்கும் முன்பே அவர் பேசினார். "வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வந்து, இன்னைக்கு எந்த வீட்ல குடியிருப்போம்னு கேப்பாக. நான் மாடி வீடா பாத்துக் காட்டுவேன்." பலகையைக் காட்டி, "வாசப்படி தாண்ட முடியாதுல்ல. இப்ப எனக்குன்னு இருக்கிற தெரு இதுதான். என்ன விஷயமா வந்தீக டீச்சர்?" என்றார்.

"சும்மா உங்களப் பாத்துட்டுப் போகலாம்னு" என்றேன்.

வெளியே வந்து செயலாளரிடம், "இனி யாரும் இதைக் கேட்கக் கூடாது" என்றேன். என் முகத்தைப் பார்த்தவர் வண்டியை எடுத்துக் கிளம்பிவிட்டார்.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். எந்தக் கட்டடப் படத்தைக் கொடுத்தாலும் அவர் முதலில் திறந்த ஜன்னலைத் தேடுவார். "உள்ள ஆள் இருக்காகன்னு அர்த்தம்" என்பார். அன்று தெருமுனையில் நின்று நானும் திரும்பிப் பார்த்தேன். அவர் வீட்டு ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. உள்ளே மெகருன்னிசா ஹவானாவில் இருந்தார்.