சாமிநாதன் குளிப்பாட்டிய வாரம்

பெங்களூர் பிரேசர் டவுனில் என் வீட்டு மாடியில் குடியிருக்கிற சாமிநாதனுக்கு ஆபீசில் பெயர் சாம். ஈரோட்டுக்காரன். நாற்காலியிலேயே உட்கார்ந்து வளர்த்த தொப்பை, எதைக் கேட்டாலும் தயாராக ஒரு கருத்து, இவை இரண்டும் அவனுடைய சொத்து. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன் இரண்டு வயது மகள் பொம்மியைக் குளிப்பாட்டுவான். அன்றைக்குத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பால்கனியில் நின்று, தெருவில் போகிறவர்களிடமெல்லாம் குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசுவான். மற்ற ஆறு நாளும் குளிப்பாட்டுகிற அவன் மனைவி பிரபாவுக்குப் பால்கனிப் பக்கம் வரவே நேரம் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாதி நாள் பொம்மி குளிக்கிற டப்பிலேயே ஆய் போய்விடுவாள். அவர்கள் குளியலறைக்கு நேர் கீழே என் குளியலறை. இரண்டு வென்டிலேட்டரும் ஒரே சந்தில் திறப்பதால் மேலே நடப்பதெல்லாம் எனக்கு நேரடி ஒலிபரப்பு. "பிரபா! ஆய்! சீக்கிரம் வா!" என்று வீடு பற்றி எரிகிற மாதிரி ஒரு கூப்பாடு. அதோடு அப்பாவின் குளிப்பாட்டல் முடிந்துவிடும். டப்பைக் கழுவுவதும், குழந்தையைக் கழுவுவதும், மிதியடியைத் துவைப்பதும் பிரபா.

இது இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது பிரபாவின் கம்பெனி அவளை ஆபீசுக்கே வரச் சொல்லிவிட்டது. வீட்டிலிருந்து வேலை செய்தது போதுமாம். எலக்ட்ரானிக் சிட்டிக்குக் காலையில் கம்பெனி பஸ். அவள் கிளம்பிய பிறகு குழந்தையை எழுப்பிக் குளிப்பாட்டிக் காப்பகத்தில் விட வேண்டியது சாமிநாதன். "இதென்ன பெரிய விஷயம், நான் பாத்துக்கறேன்" என்றான். அதற்கு முன்னால் ஒரு வாரம் ஒத்திகை. பிரபா ஆபீசுக்குப் போய்விட்டதாகப் பாவித்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், எது நடந்தாலும் வெளியே வரக்கூடாது, இதுதான் அவன் போட்ட நிபந்தனை.

முதல் நாளே ஆய். மறுநாளும் ஆய். பாட்டுப் பாடுகிற, விளக்கு எரிகிற வெளிநாட்டு ஆய் நாற்காலி ஒன்றை வாங்கி வந்து, குளிப்பதற்கு முன் அதில் உட்கார வைத்தான். குழந்தை பாட்டைக் கேட்டுத் தலையாட்டியது, கையைத் தட்டியது, வேறொன்றும் செய்யவில்லை. தூக்கி டப்பில் விட்டு இவன் பக்கத்தில் உட்கார்ந்ததும் அங்கே வேலை முடிந்தது. மாடிப்படியில் பார்த்தபோது கேட்டேன்.

"இன்னாப்பா சாமி, இன்னிக்கும் ஆச்சா?"

"இது சாதாரண விஷயம் இல்லீங்க ஆன்ட்டி. நெட்ல படிச்சேன். அம்மா விட்டுட்டுப் போயிருவாங்கற பயம் கொழந்தை மனசுல உக்காந்துருச்சு. அதான் இப்படி வெளிய வருது."

வெளியே வந்தது என்னவோ எனக்குத் தெரியும். ஆனால் அவன் அதோடு நிறுத்தவில்லை. பிரபா ஒரு வருஷம் வேலையை விட்டுவிட்டால் நல்லது, குழந்தைக்காக இதுகூடச் செய்ய முடியாதா என்று ஆரம்பித்துவிட்டான். ஏழு வருஷம் படிப்படியாக மேலே வந்த வேலை. இன்னும் கொஞ்ச நாளில் டீம் லீடர் ஆகப்போகிறவள். வியாழக்கிழமை துணி காயப்போட வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ராஜினாமா மெயில் எழுதி வெச்சுட்டனுங்க ஆன்ட்டி. எம் பொண்ணு என்னாலதான் இப்படி ஆயிட்டான்னா நான் எப்படிங்க போறது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவன் சொன்னதற்கு அல்ல, இவள் அதை நம்பினதற்கு. "திங்கக்கெழம வரைக்கும் அத அனுப்பாத, சொல்லிட்டேன்" என்று அதட்டித்தான் அனுப்பினேன்.

மறுநாள் காலை மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. மோட்டாரை நிறுத்தச் சொல்ல மேலே போனேன். மணியடித்தது அவனுக்குக் கேட்கவில்லை. பிரபாதான் நிபந்தனையை மீறி எழுந்து வந்து கதவைத் திறந்தாள். கூடத்திலிருந்து பார்த்தால் குளியலறை தெரியும். பொம்மி டப்பில் வாத்துப் பொம்மையோடு நல்லபிள்ளையாக உட்கார்ந்திருந்தாள். சாமிநாதன் அரைக்கால் சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு, டப்பின் விளிம்பைப் பிடித்து, தொப்பையை ஒரு பக்கமாக ஒதுக்கி, மெல்ல மெல்லக் குந்தினான்.

"ம்ம்ம்ம்ம்ம்க்!"

குழந்தை வாத்தைக் கீழே வைத்தது. அப்பாவின் முகத்தைக் கவனமாகப் பார்த்தது. தன் முகத்தையும் அதே மாதிரி சிவக்க வைத்துக்கொண்டு "ம்ம்ம்" என்றது. முடித்துவிட்டு, சபாஷ் சொல்வான் என்று அவனை அண்ணாந்து பார்த்தது.

"பிரபா! ஆய்!"

பிரபா நகரவில்லை. முதலில் சிரித்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் இரண்டும் சேர்ந்து வந்தது.

"ஏனுங்க, தெனமும் காலைல அவள என் ரெண்டு கால் மேல உக்கார வெச்சு நான் இப்படித்தாங்க முக்கிக் காட்டுவேன். அதக் கேட்டாத்தான் அவ போவா. நீங்க போகச் சொன்னீங்க, அவ போறா."

"நான் எங்க சொன்னேன்? முட்டி மடங்க மாட்டேங்குது, உக்கார்றப்ப சத்தம் வருது!"

"ரெண்டு வருசத்துல ஒரு நாள் பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

"நீ சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன். பட்டிக்காட்டுப் பழக்கம்னீங்க. போன்ல எதையோ பாத்துட்டிருந்தீங்க."

அவன் டப்பைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தான். முடியவில்லை. நான் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன், அதற்கும் ஒரு முக்கல் வந்தது. பொம்மி உடனே உஷாரானாள்.

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் தெருமுனையில் ஹார்ன் அடித்தது. பிரபாவின் செருப்புச் சத்தம் படியில் இறங்கி ஓடியது. கொஞ்ச நேரத்தில் வென்டிலேட்டர் வழியாக, பெருங்காளை ஒன்று வண்டி இழுக்கிற மாதிரி சாமிநாதனின் முக்கல் கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவைக்குக் குழந்தையும் சேர்ந்துகொண்டது. அப்புறம்தான் தண்ணீர் ஊற்றுகிற சத்தம்.

சமையலை முடித்துவிட்டுப் பார்த்தால் எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் அவன் எழுதியிருந்தான். ஒரே வாரத்தில் தன் மகளைப் பழக்கிவிட்டானாம், எல்லாம் தானே கண்டுபிடித்த ஒலி முறையாம். சந்தேகம் உள்ள பெற்றோர்கள் தனியாகக் கேட்கலாமாம். அதற்குள் எத்தனையோ பேர் கை தட்டியிருந்தார்கள். வயிற்றெரிச்சல் தாங்காமல் பிரபாவுக்குப் போன் போட்டேன்.

"குரூப்ப பாத்தியாம்மா? ஒரு வார்த்த நறுக்குன்னு கேக்க வேணாமா?"

"நானும் கை தட்டிட்டனுங்க ஆன்ட்டி. மேதாவியாவே இருந்துட்டுப் போகட்டும். இனி என்னால முடியலைன்னு அவர் சொல்ல முடியாதில்லீங்க? அந்த மெயில அழிச்சுட்டேன்."

பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன்.

"சில்க் போர்டு சிக்னல்லீங்க ஆன்ட்டி! ரொம்ப நேரமா பஸ் நகரவே இல்ல!" என்று சிரித்தாள்.

பெங்களூரே சபிக்கிற சில்க் போர்டு நெரிசலில் மாட்டிக்கொண்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷியை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.