ஆர்வோ போடாத பெல்ட்

"பெல்ட்டைப் போட்டுக்கிட்டு முங்கிச் சாவச் சொல்றியாடி?"ன்னு ஆர்வோ கத்தினான்.

"அங்க ஐஸு மூணடி கனம், கிழவா! லாரியே நிக்குது, நீ முங்குறியாக்கும்?" அவன் பொண்டாட்டி ஐலி விடல. காருல சீட் பெல்ட் போடலன்னு கம்பெனிலேர்ந்து ரெண்டாந்தடவையா கடுதாசி வந்திருந்துச்சு.

மிச்சிகன் வடகோடில ஏரி உறைஞ்சா அதும்மேலதான் வண்டி போவும். பெல்ட்டை அவுத்திட்டு, கண்ணாடிய இறக்கிட்டு ஓட்டணும். ஐஸு உடைஞ்சா வெளிய பாயணும்ல. ஆர்வோவோட அண்ணன் உர்ஹோ, ஐஸு உடைஞ்சு பெல்ட்டோட தண்ணிக்குள்ள போனவன். அவனைக் கொக்கி போட்டு இழுத்தப்ப ஆர்வோ கரையில நின்னான். அப்பலேர்ந்து ஐஸைக் கண்டா அவன் கை தானா பெல்ட்டை அவுத்திரும்.

முப்பது வருஷம் பனி தள்ளுற லாரி ஓட்டினவன். வயசானதும் ஒரு கம்பெனில கரண்டு காரை ஏரி ஐஸுல ஓட்டிச் சோதிக்கிற வேலை. நாலு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டாரு. எந்தச் சக்கரம் வழுக்குதோ அதுக்கு உடனே விசையக் குறைக்கணும், ஒரு மோட்டாரு செத்தா எதிர்ப்பக்கத்தையும் அடக்கணும். இல்லாட்டி காரு பம்பரந்தான். எல்லாம் கம்ப்யூட்டரு பாத்துக்கும். அது ஒழுங்கா பாக்குதான்னு ஓட்டிப் பாத்துச் சொல்றது ஆர்வோ.

"இடது பின்சக்கரம் லேட்டா அடங்குது, டெரிக்."

எஞ்சினியரு பய டெரிக் சிரிச்சான். "கருவி ஒண்ணும் காட்டலையே, பெருசு."

"உன் கருவிக்கு ஏதுடா குண்டி? எனக்கு இருக்கு. சீட்டுல உக்காந்தா அது சொல்லும்."

அவன் எழுதிக்கக்கூட இல்ல.

பிப்ரவரில ஒரு காலை. பெல்ட் போடலன்னா காரு கத்தும். அதுக்காக ஆர்வோ அதை முதுகுக்குப் பின்னால விட்டு மாட்டிட்டு, கண்ணாடிய இறக்கிட்டு, ஐஸுல விரட்டினான். வலது பின் மோட்டாரு நின்னுபோச்சு. இடது பின்சக்கரம் அடங்காம தள்ளிக்கிட்டே இருந்துச்சு, கண்ணிமைக்கிற நேரந்தான். காரு சுத்திப் போயி, கல்லாட்டம் இறுகின பனி வரப்புல மோதி உருண்டுச்சு. ஜன்னல் வழியாப் பறந்தான்.

காருக்குள்ள ஒரு நசுங்கல் இல்ல. காப்பி டம்ளரு மூடியோட வச்ச எடத்துலயே இருந்துச்சு. ஐலி அதைப் பாத்தா. "பெல்ட் போட்டு உக்காந்திருந்தா நடந்து வந்திருப்பான்"னு டெரிக் அழுதான்.

"சக்கரத்தைப் பத்தி அவன் சொன்னானே?"ன்னா ஐலி.

ஏரி உடையல. ஆர்வோ முதுகுதான் உடைஞ்சுச்சு. இடுப்புக்குக் கீழ ஊசி குத்தினாலும் தெரியாது. பெல்ட் போடாதது அவன் குத்தம்னு கம்பெனி கை கழுவிருச்சு. அவ கோர்ட்டுக்குப் போவோம்னா. "அவனுங்க சொல்றது நெசந்தானேடி"ன்னு சொவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டான்.

ஏப்ரல்ல ஐலி அவனை பக்கத்து டவுன்ல ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனா. கரண்டுல ஓடுற சக்கர நாற்காலி. "ரெண்டு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டாரு, நின்ன எடத்துலயே திரும்பும்"னான் கடைக்காரன். ஆர்வோ அதோட இடது சக்கரத்தைப் பாத்தான்.

"வேற இல்லையா?"ன்னு கேட்டான்.

இல்ல. அதையே வாங்கினாங்க. பழசு, ரெண்டாயிரத்து நூறு டாலரு.